தறிச் சத்தமும் காதுக் கருவியும்

பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியின் சத்தம் ஊருக்கே பழகியது. விசைத்தறிக் கூடம் அப்படியல்ல. பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். 90 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம்தான் இருக்கலாம்: இது நம் தொழிற்சாலை விதிகளின் வரம்பு.

காது கேட்கும் கருவி போட்டிருப்பவர்கள், “அதை அணைத்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளுமே” என்பார்கள். அடைக்காது. கருவியில் காற்றுக்காக விட்ட துளை வழியே இரைச்சலும் நுழையும். அணைக்காவிட்டாலோ, தறிச் சத்தத்தையும் சேர்த்துக் கூட்டிக் கொடுக்கும். கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, காதை முழுதாக மூடும் காதுமூடியைப் போடுங்கள். எச்சரிக்கை மணி கேட்டாக வேண்டிய வேலையா? கருவிக்கு மேலேயே காதுமூடி போடலாமா, ஒலியளவை எவ்வளவு குறைப்பது என்று செவித்திறன் நிபுணரிடம் கேளுங்கள்.