சூரியனுக்கு ஒரு மணி, கடிகாரத்துக்கு ஒரு மணி

உச்சி வெயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் பன்னிரண்டு என்போம். கோலாலம்பூரில் அது சரியல்ல, நேயர்களே! இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.13 மணிக்கு. சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் சோலார் தகடுகளை வாங்க நினைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது இதைத்தான்.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். நம் கடிகாரம் காட்டுவது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். கோலாலம்பூர் இருப்பதோ சுமார் 101.7 பாகையில். அந்த 18.3 பாகை வித்தியாசம்தான் 73 நிமிடம். சபாவின் கோத்தா கினபாலுவில் வித்தியாசம் 16 நிமிடம் மட்டுமே. 1981 இறுதிவரை தீபகற்பத்தின் நேரம் அரை மணி பின்தங்கியே இருந்தது. சபா, சரவாக்குடன் ஒரே நேரமாக்க 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டது. சூரியனுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை!

அதோடு முடியவில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அதன் அச்சும் சாய்ந்தது. ஆகவே உச்சிநேரம் ஆண்டு முழுதும் முன்பின்னாக நகர்கிறது. கோலாலம்பூரில் பிப்ரவரி நடுவில் 1.27, நவம்பர் தொடக்கத்தில் 12.57. லுஹர் தொழுகை நேரம் மாதத்துக்கு மாதம் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கும் இதுவே காரணம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பிப்ரவரி நடுவில் பிற்பகல் மணி 3. அதில் 73 நிமிடம், பருவத்துக்கான 14 நிமிடம் இரண்டையும் கழித்தால் சூரிய நேரம் 1.33. அதாவது சூரியன் உச்சியிலிருந்து சுமார் 23 பாகைதான் மேற்கே சாய்ந்திருக்கும். கைக்கடிகாரத்தை நம்பும் கருவியோ தகட்டை 45 பாகைக்குச் சாய்த்துவிடும்! இந்த 22 பாகைப் பிழையால் நேரடி ஒளியில் ஏறக்குறைய 7 விழுக்காடு வீண். கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் வகைகளில் ஓரிரு பாகை தவறினாலே பெரும் நட்டம்.

ஒளி உணரி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நம் வானில் மேகம் அதிகம். மேகத்தின் ஓரம் பளிச்சிட்டால் கருவி அந்தப் பக்கம் திரும்பிவிடும். தீர்க்கரேகை, தேதி இரண்டையும் கொண்டு கணக்கிட்டுத் திரும்பும் கருவியே நம்பகமானது. விற்க வருபவரிடம், "இது எந்த நேரத்தைப் பார்த்துத் திரும்புகிறது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.

என் கருத்தைச் சொன்னால், சாதாரண வீட்டுக்கூரைக்கு அசையாத தகடே போதும். மேகமூட்டத்தில் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் சிதறி வருவதால், திருப்புவதில் கிடைக்கும் ஆதாயம் இங்கே குறைவு. மோட்டாருக்குச் செலவிடும் பணத்தில் இன்னொரு தகடு வாங்கலாம்.

பள்ளி மாணவர்கள் இதை முற்றத்தில் சோதிக்கலாம். நேரான குச்சி ஒன்றை நட்டு, நிழல் சரியாக வடக்கு தெற்காக விழும் நேரத்தைக் குறியுங்கள். மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் மட்டும் வேண்டாம். கோலாலம்பூரில் அப்போது உச்சியில் நிழலே இருக்காது.