ஜமக்காளத்துக்கு அடிப்பக்கம் கிடையாது

பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் திருத்தங்கலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் மொராக்கோ நாட்டுக் கம்பளி விரிப்பு ஒன்றை வாங்கி வந்தாராம். “வீட்டில் கிடக்கிற பவானி ஜமக்காளத்தை அலசுகிற மாதிரி இதையும் அலசலாமா?” என்று கேட்கிறார்.

கூடாதம்மா. கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் அடுக்கடுக்காக உண்டு. வெந்நீரும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். விரிப்பு சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். தூசியைத் தட்டுங்கள். காப்பி சிந்தினால் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். பத்திரம் என்று பீரோவுக்குள் பூட்டி மறந்துவிட்டால் அந்துப்பூச்சிப் புழுவுக்குத்தான் விருந்து. ஆள் நடமாடும் கூடத்திலேயே கிடக்கட்டும்.

கம்பளிக்கு இது போதும். எனக்கென்னவோ உங்கள் கடிதத்தில் அந்த ஜமக்காளத்தைத் தாண்டி மனசு போகவில்லை.

மொராக்கோவில், பெர்பர் என்று வெளியுலகம் அழைக்கும் அமாசிக் பெண்கள், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் கம்பளியை முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் நிறத்தை மாற்றலாம். சாய்சதுரமும் கோணல்மாணல் கோடும் அவர்கள் இஷ்டம். பவானிக் குழித்தறியில் முடிச்சே கிடையாது. ஊடை நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே ஓட்டமாக ஓடும். நிறத்தை மாற்றினால் அகலம் முழுக்க அந்த நிறம்தான். ஜமக்காளம் என்றாலே சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கரையில் செயற்கைப் பட்டால் பூவும் உருவமும் போட்ட வகையும் உண்டு. எனக்குப் பிடித்தது வெறும் பட்டைதான்.

அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒவ்வொரு ஊடையையும் இறுக அடித்து நெருக்குவதால் பாவு நூல் மொத்தமும் உள்ளே மறைந்துவிடும். உங்கள் ஊரில் சரவெடி பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஓடும் திரியை இருபுற வெடிகளும் மூடிவிடும், ஆனால் சரத்தைத் தாங்குவது அந்தத் திரிதான். ஜமக்காளத்திலும் பாரம் தாங்குவது கண்ணில் படாத பாவு. மேலே தெரிவதெல்லாம் ஊடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அடிப்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் வெளுத்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஊடை தேய்ந்து பாவு பல்லிளிக்கும்போதுதான் அதன் ஆயுள் முடிகிறது.

பராமரிப்பும் இதிலிருந்தே வருகிறது. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்தால் அந்த வரியில் நூல் இற்றுப்போகும், சுருட்டி வையுங்கள். புது ஜமக்காளத்தைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் ஏறி முடிந்த நூலில் உப்புக்கு வேலையில்லை. கம்பளி தின்னும் புழு ஜமக்காளத்தின் பருத்தியைத் தொடாது. பருத்திக்குச் சத்துரு ஈரம்தான். பந்தல்காரர்கள் மழையில் நனைந்த ஜமக்காளத்தை அப்படியே மடித்து வண்டியில் எறிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மண்டபங்களில் பிளாஸ்டிக் நாற்காலி வந்த பிறகு, எங்கள் தெருவில் ஜமக்காளம் வெளியே வருவது துட்டி வீட்டுக்கு மட்டும் என்றாகிவிட்டது. கல்யாண வீட்டில் பெரியவரும் சின்னவரும் ஒரே பட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது.

இனி வாங்குவது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவானியில் ஜங்கமர் சமூக நெசவாளர்கள் தொடங்கிய தொழில் இது. புவிசார் குறியீடு 2005-06இல் கிடைத்தது. அதற்கு முன்பே, 1985ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழ் ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டது. இவ்வளவு இருந்தும் விசைத்தறி விரிப்புகள் ‘பவானி’ என்ற பெயரில் விலை போகின்றன. வாங்குபவர் புரட்டிப் பார்ப்பதில்லை, விற்பவருக்குக் கூச்சமில்லை.

தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரர் நீங்கள். ஜமக்காளத்தின் முனையிலிருந்து ஓர் ஊடை நூலை உருவி, வீட்டுக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல மணத்து எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்துக் கெட்டி உருண்டையாகும். மொராக்கோ விரிப்பின் நூலையும் சோதியுங்கள்: அசல் கம்பளியானால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணையும். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் பாலியெஸ்டர் உடுத்திப் போகக் கூடாது, உராய்வில் பொறி தட்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில் அந்தப் பயமில்லை. ஆனால் சித்திரை வெயிலில் வேர்வையை உறிஞ்சாத விரிப்பில் ஒரு மதியம் படுத்துப் பாருங்கள், தெரியும்.

ஒன்று மட்டும் கவனம். நூல் பருத்தி என்பதாலேயே அது கைத்தறி ஆகிவிடாது. விசைத்தறியிலும் பருத்தி ஓடும். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கோ-ஆப்டெக்ஸிலோ பவானியின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலோ வாங்கினால் தீக்குச்சி மிச்சம்.