காட்மியம் சல்ஃபைடு: கரையாத வரைக்கும் சாது

போன வாரம் பழைய டப்பா ஒன்றை ஒழித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி ப்ராஜெக்டுக்கு வாங்கிய எல்டிஆர் நான்கைந்து கிடைத்தன. வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் அந்தச் சின்ன வட்டு. இருட்டினால் தானாக எரியும் தெருவிளக்கு என்று நம்மில் பாதிப் பேர் ஒரு சர்க்யூட் செய்திருப்போமே, அதேதான். என் பையன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுல பாம்பு மாதிரி நெளிஞ்சு போற கோடு என்ன?” என்றான். காட்மியம் சல்ஃபைடு என்றேன். போனில் தேடியவன், “கேன்சர் வரும்னு போட்டிருக்கு, நீங்க கையில வச்சுக்கிட்டு இருக்கீங்க” என்றான்.

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ‘ஆபத்தில்லை’ என்று சொல்லலாம், ‘ஆபத்து’ என்றும் சொல்லலாம். இரண்டும் ஓரளவு உண்மை. எந்த நேரத்தில் எது உண்மை என்று பார்க்கப் போய் எழுதியவைதான் இந்தக் குறிப்புகள்.

கண்டுபிடித்த கதை

1817-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃப்ரெடெரிக் ஸ்ட்ரோமையர் காட்மியத்தைக் கண்டுபிடித்தார். அப்போது துத்தநாகச் சேர்மங்கள் மருந்தாக விற்கப்பட்டு வந்தன. அவற்றை அமிலத்தில் கரைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் செலுத்தினால் சில சரக்குகளில் மஞ்சள் வீழ்படிவு வந்தது. ஆர்சனிக் சல்ஃபைடும் மஞ்சள்தான். எனவே மருந்தில் பாஷாணம் கலந்திருக்கிறது என்று சந்தேகம் கிளம்பியது. ஆராய்ந்ததில் அது ஆர்சனிக் இல்லை, புதிய தனிமம் என்று தெரிந்தது. அந்த மஞ்சள் வீழ்படிவுதான் நம்ம காட்மியம் சல்ஃபைடு. நல்ல ஓவிய வண்ணமாகும் என்று ஸ்ட்ரோமையரே சொன்னார்.

ஏன் மஞ்சள்?

இது ஒரு குறைக்கடத்தி. இதன் ஆற்றல் இடைவெளி சுமார் 2.42 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ இதனால் வகுத்தால் 512 நானோமீட்டர் வரும். அதாவது, அதைவிடக் குறைந்த அலைநீளம் உள்ள நீலம், ஊதா ஒளியை இது விழுங்கிவிடும். மிச்சம் திரும்பி வருவது நம் கண்ணுக்கு மஞ்சள். கந்தகத்தின் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக செலினியத்தைச் சேர்த்தால் இடைவெளி குறைந்து நிறம் ஆரஞ்சு, சிவப்பு என்று போகும்.

விழுங்கிய ஒளி எலக்ட்ரான்களை விடுவிக்கிறது, மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. எல்டிஆர் வேலை செய்வது இப்படித்தான். இருட்டில் மெகா ஓம் கணக்கில் இருக்கும் தடை, நல்ல வெளிச்சத்தில் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். அதிகம் உணர்வது பச்சை ஒளியை. நம் கண்ணும் அப்படித்தான், அதனால்தான் பழைய கேமராக்களின் ஒளிமானிகளில் இதை வைத்தார்கள். காட்மியம் டெல்லுரைடு சோலார் பேனல்களிலும் மெல்லிய படலமாக இது பயன்பட்டது.

இன்னொரு முக்கியமான பண்பு: தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. கரைதிறன் பெருக்கம் 10-ன் அடுக்கு மைனஸ் 27-ஐ ஒட்டி இருக்கிறது. நச்சுக் கதையின் சாவி இதுதான்.

உடம்புக்குள் என்ன செய்கிறது?

கெடுதல் செய்வது காட்மியம் அயனி. காட்மியம் குளோரைடு, சல்ஃபேட் போன்றவை கரைவதால் உடனே அயனியைக் கொடுத்துவிடும். சல்ஃபைடு கரையாததால், விழுங்கினாலும் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். அதற்காக அலட்சியம் கூடாது. தூளாக மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும், அங்கிருந்து உறிஞ்சப்படும் விகிதமும் குடலைவிட அதிகம். காட்மியத்தையும் அதன் சேர்மங்களையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில்தான் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது.

உள்ளே போன காட்மியத்தை வெளியேற்ற உடம்புக்கு நல்ல வழி இல்லை. மெட்டலோதியோனின் என்ற புரதம் அதைக் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியில் சேருமிடம் சிறுநீரகம். அங்கே அதன் அரை ஆயுள் 10 முதல் 30 வருடம். இன்று சேர்ந்ததில் பாதி, நம் பிள்ளைகள் கல்யாண வயதுக்கு வரும்போதும் உள்ளேயே இருக்கும். இன்னொன்று: உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் இரும்பைத் தேடி உறிஞ்சும் வழியிலேயே காட்மியமும் நுழைந்துவிடும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஆபத்து அதிகம் என்பது இதனால்தான். புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை நன்றாக இழுக்கும் என்பதால், புகைப்பவர்கள் உடம்பில் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும்.

ஓவியமும் வயலும்

எட்வர்ட் முங்க்கின் ‘அலறல்’ ஓவியத்தின் ஒரு பிரதியிலும், மத்தீஸின் ‘வாழ்வின் களிப்பு’ ஓவியத்திலும் காட்மியம் மஞ்சள் சில இடங்களில் வெளிறிப் போயிருக்கிறது. ஆராய்ந்தவர்கள் கண்டது: ஈரம், காற்று, ஒளி இவற்றால் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்ஃபேட் ஆகியிருக்கிறது. சல்ஃபேட்டுக்கு நிறம் இல்லை. அதோடு, அது தண்ணீரில் கரையும்.

இதே வேதிவினை நெல்வயலிலும் நடக்கிறது என்று படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது சேற்றில் ஆக்சிஜன் இருக்காது. மண்ணில் உள்ள காட்மியம் சல்ஃபைடாகப் படிந்து சும்மா கிடக்கும். அறுப்புக்கு முன் தண்ணீரை வடித்தால் காற்று புகும், சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடையும், அயனி விடுபடும். மாங்கனீசுக்கென்று நெல்வேர் வைத்திருக்கும் வாசல் வழியாக அது உள்ளே போய், கடைசியில் அரிசிக்கு வந்துவிடும்.

ஜப்பானின் தொயாமா மாநிலத்தில், ஜின்சூ ஆற்றங்கரையில் நடந்தது இதுதான். மேலே மலையில் கமியோகா சுரங்கம், துத்தநாகமும் ஈயமும் எடுத்த இடம். துத்தநாகத் தாதுவோடு காட்மியமும் சல்ஃபைடாகவே இருக்கும். மலைக்குள் இருந்தவரை தொந்தரவில்லை. அரைத்த கழிவு ஆற்றில் கலந்து, பாசனத்தோடு வயலில் படிந்தது. அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களில், முக்கியமாகப் பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்பு மெலிந்தது. இருமினால்கூட எலும்பு முறிந்தது. ‘இத்தாய் இத்தாய்’ என்று கதறினார்கள். ‘வலிக்குதே, வலிக்குதே’ என்று அர்த்தம். நோய்க்கும் அதுவே பெயராகிவிட்டது. உள்ளூர் மருத்துவர் நொபோரு ஹகினோ சுரங்கத்தைக் காரணமாகச் சொன்னபோது உடனே யாரும் ஏற்கவில்லை. 1968-ல்தான் அரசு காட்மியத்தைக் காரணமாக அறிவித்தது. 1971-ல் மிட்சுய் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் மக்கள் ஜெயித்தார்கள். வயல்களின் மண்ணைச் சீர்செய்யும் வேலை முடிந்தது 2012-ல். அந்தச் சுரங்கத்தில்தான் இப்போது நியூட்ரினோவைப் பிடிக்கும் சூப்பர் கமியோகாண்டே இருக்கிறது. இயற்பியல் ஆர்வத்தில் எத்தனையோ முறை அதைப் பற்றிப் படித்திருக்கிறேன், இந்தப் பக்கம் கண்ணில் படவே இல்லை.

இப்போது ஜப்பானில் அப்படிப்பட்ட வயல்களுக்குச் சொல்லும் வழி, கதிர் வரும் முன்னும் பின்னும் மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தி வைப்பது. காட்மியம் குறையும். ஆனால் அதே சேற்றில் ஆர்சனிக் விடுபட்டு அரிசிக்கு ஏறும். ஒன்றை அடக்கினால் இன்னொன்று எழும். எதை எவ்வளவு என்று மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம்ம ஊர் கேடிஎம்

‘916 கேடிஎம்’ என்று நகைக்கடை போர்டில் பார்த்திருப்பீர்கள். கேடிஎம் என்பது காட்மியம்தான். நகையைப் பற்றவைக்கும் கலவையில் காட்மியம் சேர்த்தால் குறைந்த சூட்டில் உருகும், தங்கத்தின் மாற்றும் அதிகம் குறையாது. பிரச்சினை, காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்துவிடும். தங்கம் உருகும் சூட்டுக்கு அது ரொம்பக் கீழே. ஆவி காற்றில் பட்டதும் காட்மியம் ஆக்சைடு புகை. அதைச் சுவாசிப்பவர் பட்டறையில் குனிந்து ஊதுகிறவர். முதல் சில மணி நேரம் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும், பிறகு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். நகை போட்டுக்கொள்பவருக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாம் ‘சுத்தம்’ என்று கேட்டு வாங்கியதற்கு விலை கொடுத்தது செய்தவர்தான்.

பையனுக்குச் சொன்ன பதில்

எல்டிஆரைக் கையில் பிடிப்பதால் ஒன்றும் ஆகாது. மேலே பூச்சு இருக்கிறது, உள்ளே இருப்பது கரையாத பொருள். ஆனால் அதை உடைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, நெருப்பில் போடக் கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, ஏனென்றால் குப்பை எரியும், மண்ணில் மழையும் காற்றும் படும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். மின்னணுப் பொருட்களில் எடையில் 0.01 சதவீதத்துக்கு மேல் காட்மியம் கூடாது என்று ஐரோப்பிய விதி இருப்பதும் இதற்காகத்தான். புது ப்ராஜெக்ட் என்றால் போட்டோ டிரான்சிஸ்டர் வாங்கிக்கொள்ளலாம், விலையும் அதிகமில்லை.

“அப்போ இது விஷமா, இல்லையா?” என்று திரும்பவும் கேட்டான். இப்போதைக்கு இல்லை, நாம் எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஆகும் என்றேன். ஐந்தையும் ஒரு கவரில் போட்டு, மேலே அவனே பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறான்.