கண்ணாடிப் பெட்டியில் சிசு: பெற்றோர் செய்ய வேண்டுவன

பெற்ற தாய் வெறுங்கையுடன் படுத்திருக்க, சிசு மட்டும் வேறோர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பது எவராலும் சகிக்கவொண்ணாத காட்சியாகும். 37 வாரம் நிரம்புமுன் பிறந்த குழந்தைகளையும், எடை மிகக் குறைந்த குழந்தைகளையும், மூச்சுத் திணறும் குழந்தைகளையும் இவ்வாறு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பர். “இனி எல்லாம் டாக்டர் பாடு” என்று பெற்றோர் வாசலில் ஒதுங்கிவிடுவது தவறு. அச்சிகிச்சையில் ஒரு பங்கு பெற்றோருக்கே உரியது.

முதற்கண் அச்சம் தெளிதல் வேண்டும். குழந்தையின் உடலில் ஒட்டியுள்ள கம்பிகள் இதயத் துடிப்பையும், மூச்சையும், இரத்தத்திலுள்ள பிராணவாயுவையும் அளப்பவை. கருவி ஒலிக்கும்போதெல்லாம் ஆபத்தென்று கொள்ளலாகாது; குழந்தை காலை உதறிக் கம்பி நழுவினாலும் அது ஒலிக்கும். நீல ஒளி மஞ்சட்காமாலைக்கான சிகிச்சை. உறிஞ்சி, விழுங்கி, இடையே மூச்சும் விடும் திறன் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் கைகூடுமாதலால், அதுவரை குழாய் வழியே பாலூட்டுவர். முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைவதும் இயல்பே.

தாயின் முதற்பங்கு பாலாகும். பிரசவமான சில மணி நேரத்திலேயே தொடங்கி, இரவு உட்பட நாளொன்றுக்கு 8 தடவையேனும் பாலைப் பீய்ச்சியெடுத்தல் வேண்டும். முதலில் வரும் சீம்பால் சில துளிகளேயாயினும் வீணாக்கலாகாது. குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் கொடிய குடல் நோயைத் தடுக்கத் தாய்ப்பால் பெரிதும் உதவுகிறது.

இரண்டாவது பங்கு தாயின் மார்புச் சூடு. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் வெப்பப் பெட்டிகள் போதாதிருந்த நிலையில், 1978-ஆம் ஆண்டில் டாக்டர் எட்கார் ரே சனாப்ரியா ஒரு முறையைக் கண்டார். குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி அணைத்து, தலையை ஒருபுறம் திருப்பி, மெல்லிய துணியால் கட்டிவைப்பதே அது. இதனைக் கங்காரு முறை என்பர். நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இவ்வாறு அணைத்திருக்கலாமென உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் பரிந்துரைத்தது. டாக்டரைக் கேட்டுத் தொடங்குக. தந்தையும் அணைக்கலாம்.

முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொடலாகாது. எடை, மூச்சு, பால் ஆகிய மூன்றையும் தினந்தோறும் டாக்டரிடம் கேட்டுத் தந்தை குறித்துவைத்தல் நன்று. வீடு திரும்பிய பின்னரும் கடமை முடிவதில்லை. 34 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் கண் பரிசோதனை அவசியம். தவறினால் சில குழந்தைகள் பார்வையை இழக்க நேரும்.

“கிரகணத்தில் வெளியே போனாள், அதனால் வந்தது” என்று தாயைக் குறை கூறுதல் கொடுமை. அவள் அழுகை இரண்டு வாரங் கடந்தும் ஓயாவிடில் டாக்டரிடம் சொல்லுக. அண்டை வீட்டார் கூட்டமாகச் சென்று பார்ப்பதால் பயனில்லை. தாய்க்குச் சோறு கொண்டுசெல்வதும், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்வதும், தந்தையின் வயலுக்கு ஒருமுறை நீர் பாய்ச்சுவதுமே அக்குடும்பத்திற்குச் செய்யும் உதவியாகும்.