தவ்பாவில் நிலைத்திருத்தல்

திருமறை மதுவைப் படிப்படியாகவே விலக்கிற்று. முதலில் அதன் தீங்கை உணர்த்தி (2:219), பின்னர் போதையுடன் தொழுகையை நெருங்குவதைத் தடுத்து (4:43), இறுதியில் முற்றாக விலக்கியது (5:90). அந்நாளில் மதீனாவின் வீதிகளில் மது கொட்டப்பட்டு ஓடியது.

அதன் பின்னரும் வழுக்கியவர் உண்டு. அப்துல்லாஹ் என்னும் தோழர் குடித்தமைக்காகப் பன்முறை தண்டனை பெற்றார். ஒருவர் அவரைச் சபித்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் எனச் சான்று பகர்ந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் காணப்படும் செய்தி இது.

ஆதலின், மதுவை விட்ட சகோதரர் வாழ்நாள் முழுவதையும் எண்ணி மலைக்க வேண்டா. ஸுபுஹிலிருந்து லுஹர் வரை, லுஹரிலிருந்து அஸர் வரை என வக்துக்கு வக்து உறுதியைப் புதுப்பித்துக் கொள்ளட்டும். சிறிதாயினும் இடைவிடாத அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு நேரலாம். மருத்துவரை நாடுவதில் வெட்கம் வேண்டா.

வீட்டாரே! அவர் மீண்டும் வழுக்கினால் பழையதைக் குத்திக் காட்டாதீர்கள். சகோதரனைச் சபிப்பது ஷைத்தானுக்குத் துணைபோவதாகும் என்பதும் அண்ணலாரின் அறிவுரையே. அவரைக் கைப்பிடித்து அடுத்த வக்துத் தொழுகைக்கு அழைத்துச் செல்லுங்கள். தவ்பாவின் வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது.

அல்லாஹ் நம் அனைவரையும் நேர்வழியில் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.