முகவரி தேடும் மலையகப் பெண்கள்

'தோட்டம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் அனலைதீவில் வாழும் எமக்கு நினைவுக்கு வருவது கிணறும் வாய்க்காலும் புகையிலைக் கன்றுகளும்தான். அது சொந்தக் காணியாகவும் இருக்கலாம், குத்தகைக் காணியாகவும் இருக்கலாம். எதுவாயினும் தண்ணீர் இறைப்பதும், கொத்துவதும், பலனை எடுப்பதும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தவர்கள்தான். இதே நாட்டில் இதே தமிழைப் பேசும் இன்னொரு மக்கள் கூட்டத்தினருக்கு இச்சொல்லின் பொருள் வேறு. அவர்களுக்குத் தோட்டம் என்பது பிறந்த இடம், வேலை செய்யும் இடம், இறந்த பின் புதைக்கப்படும் இடம். ஆனால் அதில் ஒரு சாண் நிலமும் அவர்களுடையதல்ல.

பணி நிமித்தம் மலையகத்துக்குச் சில தடவைகள் சென்று வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டதையும் கேட்டதையும் எமது வாசகிகளுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகின்றேன். யுத்தத்தினால் வீட்டையும் காணியையும் விட்டு ஓடிய எமக்கு, நிலம் இல்லாத வாழ்க்கை எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும் ஐந்தாறு தலைமுறைகளாக நிலமே இல்லாமல் வாழ்வது என்பது நாம் எண்ணிப் பார்க்காத ஒன்று.

கடலும் மலையும்

ஊர்காவற்றுறையில் படகுக்காகக் காத்து நிற்பது எமக்குப் பழகிப்போன விடயம். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. பிரசவ வலி கண்ட பெண்ணையோ காய்ச்சல் பிள்ளையையோ வைத்துக்கொண்டு அலையைப் பார்த்து நிற்போம். மலையில் அலை இல்லை, ஆனால் அதே காத்திருப்பு அங்கும் உண்டு. பெருவீதியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் குன்றும் குழியுமான தோட்டப் பாதையில் ஏறினால், தூரம் குறைவாக இருந்தாலும் நேரம் கூடிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் நோயாளி ஒருவரைக் கீழே கொண்டுவரத் தோட்டத்து லொறியோ ஓட்டோவோ கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கதிரையில் இருத்தியோ கம்பளியில் கிடத்தியோ தூக்கி வருகிறார்கள்.

"நீங்க தண்ணிக்கு நடுவுல இருக்கீங்க மிஸ், நாங்க மலைக்கு நடுவுல இருக்கோம்" என்று கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அது உண்மைதான் என்றாலும், இரண்டுக்கும் இடையில் பெரியதொரு வேறுபாடு இருப்பதை அன்று மாலையே விளங்கிக்கொண்டேன்.

மீரியபெத்தை சொல்லும் பாடம்

பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை என்ற சிறு நகரத்துக்கு மேலே மீரியபெத்தைத் தோட்டம் உள்ளது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, நாட்கணக்கில் பெய்த மழையின் பின்னர், மலையின் ஒரு பகுதி சேறாகிக் கீழிறங்கி அங்கிருந்த லயன் வரிசைகளை மூடியது. வீடுகளோடு மனிதர்களும் புதையுண்டனர். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். ஆனால் அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை. சிலருக்குத் தாய் தந்தையரும் இல்லை. பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவேயில்லை. உடலைக் காணாமல் அழுவது எப்படிப்பட்ட துயரம் என்பது எமது வாசகிகள் பலருக்குத் தெரியும்.

அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. "சொல்லியும் ஏன் போகவில்லை?" என்று அன்று பலரும் கேட்டார்கள். எங்கே போவது என்பதுதான் அதற்கான மறுகேள்வி.

ஷெல் விழுந்தபோது நாம் உறவினர் வீட்டுக்குப் போனோம், கோயிலுக்குப் போனோம், முகாமுக்குப் போனோம். போன இடத்தில் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. ஆயினும் 'எங்களுக்கு ஊரில் ஒரு வளவு இருக்கிறது' என்ற எண்ணம் எம்மில் பலருக்குத் துணையாக இருந்தது. லயன் அறையில் இருப்பவருக்கு அந்த எண்ணத்துக்கும் இடமில்லை. அறை தோட்டத்துக்குச் சொந்தமானது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால்தான் அதில் தங்கும் உரிமை உறுதி. அதைவிட்டு வெளியேறினால் போவதற்கு ஒரு துண்டு நிலமும் இல்லை. அவர்களைக் கொன்றது மழை மட்டுமல்ல, போக்கிடம் இல்லாமையும்தான்.

உயிர் தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் இருந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கினர். முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். உடை மாற்ற மறைவில்லை, வயது வந்த பெண் பிள்ளையை நம்பி விட்டுச்செல்ல முடியாது, இரவில் மலசலகூடத்துக்குப் போகத் துணை வேண்டும். 2016 ஒக்டோபரில்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

இத்தோடு அது முடிந்துவிடவில்லை. 2023 மார்ச்சில் அதற்கு அண்மையிலுள்ள பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைப்பாங்கான மாவட்டங்களில் மண்சரிவே பெரும் அழிவைத் தந்தது. நிலத்தில் வெடிப்பு, சுவரில் புதிய பிளவு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் அல்லது கலங்கிவரும் நீரூற்று ஆகியவை மண்சரிவுக்கான அறிகுறிகள் என்று அங்குள்ள பெண்களுக்கும் இப்போது தெரியும். அறிகுறியைக் கண்ட பின் எங்கு போய் நிரந்தரமாக இருப்பது என்பதற்குத்தான் பதில் இல்லை.

நிலமற்றவர்களாக ஆக்கப்பட்ட கதை

1820களில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பிப் பயிர்ச்செய்கைக்காக அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததியினரே இம்மக்கள். கோப்பி நோயினால் அழிந்த பின்னர் தேயிலை வந்தது. காட்டை வெட்டியவர்களும் பாதை போட்டவர்களும் இவர்களே. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டன. தாய் ஒரு நாட்டுக்கும் மகள் ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

பிரஜாவுரிமை கிடைத்தது, ஆனால் காணி கிடைக்கவில்லை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் தனியார் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குச் சென்றபோதும், கைமாறிய நிலத்தோடு சேர்ந்து லயன்களும் கைமாறின. அவற்றில் வாழ்ந்தவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. 2023இல், வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபயணம் ஒன்றை மேற்கொண்டனர். முன்னோர் நடந்த வழியில் நடந்தவர்களின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று காணி உரிமையாகும்.

கொழுந்துக்கூடையும் லயன் அறையும்

கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். விடியற்காலை நான்கு மணியளவில் எழுந்து, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போக வேண்டும். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, காலில் அட்டைக்கடி. மலையில் மலசலகூடம் இல்லாததால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்யும் பெண்களும் உள்ளனர். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. அது 16 அல்லது 18 அல்லது 20 எனத் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும். நிறை குறைந்தால் அரைப்பேர்தான். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறையில் கழித்துக்கொள்வது நெடுங்காலக் குறையாகும்.

நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. 2022இல் பொருட்களின் விலை எப்படி உயர்ந்தது என்பதை நாம் அறிவோம். கூடிய சம்பளத்தை அரிசியும் மாவும் விழுங்கிவிட்டன. 2016இல் நடத்தப்பட்ட சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டங்களில் அத்தொகை 100க்கு 32 அளவில் இருந்தது.

லயனை அங்குள்ளவர்கள் 'லயம்' என்பார்கள். நீண்ட கட்டடத்தில் அடுத்தடுத்து ஒற்றை அறைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில்தான். அதற்குள் தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறை. விறகடுப்பின் புகை எல்லோருக்கும் பொது. கணவன் குடித்துவிட்டு வந்து அடித்தால் அந்தச் சத்தமும் பொது. ஆயினும் அடிபட்டவள் வெளியேறிப் போய்த் தங்க இன்னோர் அறை இல்லை.

ஒரு கடிதம் வந்து சேரும் வழி

இச்சஞ்சிகையை அனுப்பி வைக்க எண்ணி, என்னுடன் பேசிய அந்த அம்மாவிடம் முகவரி கேட்டேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னார், பிரிவைச் சொன்னார். "அவ்வளவுதான் மிஸ். ஆபீசுக்கு வரும், யாராச்சும் பார்த்தா கொண்டாந்து குடுப்பாங்க" என்றார். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும், வங்கிக் கடிதமும் நாள் கடந்து கைக்கு வந்த கதைகள் அங்கு ஏராளம். வீட்டுக்கு இலக்கம் இல்லை, ஒழுங்கைக்குப் பெயர் இல்லை. பிரதேச சபைகள்கூடத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்யச் சட்டம் தடையாக இருந்து, 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்று தீர்மானிக்கப்பட்டது. எமது கணக்கில் அது முக்கால் பரப்புக்கும் குறைவு. இந்திய உதவியுடன் 4,000 வீடுகளும், பின்னர் 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. அந்த 10,000 வீட்டுத் திட்டத்தில் 2,000க்கும் மேற்பட்டோருக்கு உரிமை ஆவணங்கள் பண்டாரவளையில் வழங்கப்பட்டது 2025 ஒக்டோபரில்தான். எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. நல்ல தொடக்கம்தான், ஆனால் லயன்களில் காத்திருப்போரின் தொகையோடு பார்த்தால் மிகச் சிறியது.

எம்மோடு வாழும் சகோதரிகள்

மலையகம் எமக்குத் தூரத்து இடமல்ல. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சியும், எழுபதுகளில் தோட்டங்களில் நிலவிய பட்டினியைத் தாங்காமலும் வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் ஏராளம். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற கிராமங்களைக் காடு வெட்டிக் குடியிருப்பாக்கியவர்களில் அவர்களும் உள்ளனர். 2009இல் எம்மைப் போலவே அவர்களும் இறுதி யுத்தத்தில் அகப்பட்டு மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பினர். திரும்பிய பின்னரும், குடியிருந்த காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை என்ற காரணத்தால் வீட்டுத் திட்டத்துக்கு அலைந்தவர்கள் பலர்.

இவ்விடத்தில் எம்மைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து வீடுகளில் மலைநாட்டுப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 'தோட்டக்காட்டார்' என்ற இழிசொல் எமது வாயிலிருந்து இன்னும் முழுமையாகப் போய்விடவில்லை. அகதி என்று எம்மை யாராவது அழைத்தபோது மனம் எப்படி நொந்தது என்பதை மறக்காதவர்கள், அச்சொல்லைத் தம் பிள்ளைகளின் காதில் விழ விடக்கூடாது.

பெண்ணின் பெயரில் ஒரு துண்டு நிலம்

எவ்வளவு வறுமையிலும் மகளுக்கென்று ஒரு துண்டுக் காணியைச் சீதனமாக எழுதும் வழக்கம் எம்மிடம் உண்டு. சீதனத்தின் தீமைகள் பல. எனினும் அந்த உறுதியில் பெண்ணின் பெயர் இருப்பதால், கணவனை இழந்த பின்னரும் வீட்டை விட்டுப் போகச் சொல்ல ஒருவராலும் முடியாமற் போன குடும்பங்களைப் பார்த்திருக்கின்றேன். அப்படியிருந்தும் தேசவழமைப்படி திருமணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் இதனால் பட்ட அவதி சிறியதல்ல. வன்னியில் அரச அனுமதிப்பத்திரக் காணிகளுக்குப் பொருந்தும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் பின்னுரிமையில் மகனையே முன்வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் மகளுக்கும் சம இடம் கிடைத்துள்ளது. அனுமதிப்பத்திரம் உள்ள சகோதரிகள், தமக்குப் பின் அக்காணி யாருக்கு என்பது பதியப்பட்டுள்ளதா எனப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

மலையகத்தில் இனி வழங்கப்படும் உறுதிகளிலும் மனைவியின் பெயர், கணவனின் பெயருக்கு அருகில் இருக்க வேண்டும். குடும்பத்தைத் தாங்கிய கை கொழுந்து பறித்த கைதான். காணியற்ற மலையகச் சகோதரிகள் எமது கிராமங்களில் வாழ்ந்தால், மாதர் சங்கக் கூட்டத்துக்கு அவர்களை அழைப்போம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்போம். பிரதேச செயலகத்துக்குத் தனியே போகத் தயங்குபவருடன் கூடப் போவோம். காணிக்காக அலைந்து களைத்த எமக்குத்தான் அந்த வழி நன்றாகத் தெரியும்.

அந்த அம்மாவுக்கு இச்சஞ்சிகையைத் தோட்ட அலுவலகத்துக்கே அனுப்புகின்றேன். அடுத்த முறை போகும்போது அவருடைய பெயரையும் வீட்டு இலக்கத்தையும் மட்டும் எழுதி அனுப்பக்கூடிய ஒரு முகவரியை அவர் எனக்குத் தர வேண்டும் என்பதே என் வேண்டுதல்.