மூன்று வாரக் கம்மல்

நம் வீடுகளில் ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் யாரும் கலவரப்படுவதில்லை. சித்தரத்தையைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைப்பார்கள்; பாலில் மிளகும் பனங்கற்கண்டும் சேர்த்துக் கொடுப்பார்கள்; "இரண்டு நாள் வாயைத் திறக்காதே" என்று பாட்டி உத்தரவு போடுவாள். பெரும்பாலும் இந்த வைத்தியமே போதும். ஜலதோஷத்தாலோ, கல்யாண வீட்டுக் கூச்சலாலோ வந்த கம்மல் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விலகிவிடும்.

ஆனால் விலகாத கம்மல் என்று ஒன்று உண்டு. மூன்று வாரம் கடந்தும் குரல் தெளியவில்லையென்றால், அதற்கு வேண்டியது கஷாயமல்ல. குரல்வளைக்குள் பார்க்கத் தெரிந்த ஒரு வைத்தியரின் கண். இந்த ஒரு விஷயத்தை நேயர்களின் மனத்தில் பதிய வைப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

குரல் பிறக்கும் இடம்

கழுத்தின் முன்புறம் தொட்டால் தட்டுப்படும் மேடுதான் குரல்வளையின் முகப்பு. குருத்தெலும்புகளால் ஆன இந்தச் சிறு கூட்டினுள் இரண்டு மெல்லிய தசை மடிப்புகள் இருக்கின்றன. மூச்சு விடும்போது அவை விலகி வழி விடுகின்றன. பேசும்போது ஒன்றையொன்று நெருங்கி, கீழிருந்து வரும் காற்றில் அதிர்கின்றன. சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு விநாடிக்கு நூறு தடவைக்குச் சற்று அதிகமாகவும், பெண்களுக்குச் சுமார் இருநூறு தடவையும் இந்த அதிர்வு நிகழ்கிறது. இவ்வளவு வேகமாக அதிரும் மடிப்பின் ஓரத்தில் ஒரு சிறு தடிப்பு உண்டானாலும் போதும், குரல் கம்மிவிடும்.

இந்த இடத்தை உயிருள்ள மனிதனிடத்தில் தெளிவாகப் பார்த்துக் காட்டிப் பெரும் புகழ் பெற்றவர் வைத்தியர் அல்லர். ஒரு பாட்டு வாத்தியார்! மானுவேல் கார்ஸியா என்ற ஸ்பெயின் தேசத்துச் சங்கீத ஆசிரியர் 1854-ம் வருஷம், பல் வைத்தியர்கள் உபயோகிக்கும் நீண்ட காம்புக் கண்ணாடியை வெந்நீரில் காய்ச்சித் தம் தொண்டைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு கைக்கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன்மேல் திருப்பினார். தம் குரல் மடிப்புகள் அசைவதைத் தம் கண்ணாலேயே கண்டார். மறு வருஷம் லண்டன் ராயல் சங்கத்தில் அவருடைய கட்டுரை படிக்கப்பட்டது. வியன்னாவில் டூர்க்கும், அவரைத் தொடர்ந்து செர்மாக்கும் இந்தக் கண்ணாடியை வைத்தியத்துக்கு உரிய கருவியாக்கினார்கள். கார்ஸியா நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 1906-ல் காலமானார்.

99 நாள் சக்கரவர்த்தி

கண்ணாடி வந்துவிட்டது. ஆனால் கண்டதை இன்னதென்று தீர்மானிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒரு ராஜ குடும்பத்தின் துயரம் உலகுக்குக் காட்டியது.

1887-ம் வருஷத் தொடக்கத்தில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்குக்குக் குரல் கம்மியது. வயது ஐம்பத்தைந்து. கம்மல் விலகாமற்போகவே, மார்ச் மாதத்தில் பெர்லின் பேராசிரியர் கெர்ஹார்ட் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இடது குரல் மடிப்பில் ஒரு சிறு வளர்ச்சி தெரிந்தது. அதைப் பழுக்கக் காய்ந்த கம்பியால் பல தடவை சுட்டுப் பார்த்தார். அது மறுபடியும் வளர்ந்தது. ரண சிகிச்சை நிபுணர் பெர்க்மன் புற்று என்றே சந்தேகித்து, கழுத்தை வெளிப்புறமாகத் திறந்து அதை அகற்றிவிட வேண்டும் என்றார். மே மாதத்தில் அதற்கு ஏற்பாடும் நடந்தது.

அச்சமயம் லண்டனிலிருந்து மோரல் மெக்கன்ஸி என்ற பிரசித்தி பெற்ற தொண்டை வைத்தியர் வரவழைக்கப்பட்டார். "துணுக்கு எடுத்துச் சோதிக்காமல் கத்தி வைக்கக் கூடாது" என்பது அவர் அபிப்பிராயம். அது தவறான அபிப்பிராயமல்ல. இன்றும் அதுவே விதி. அவர் வாய் வழியாக எடுத்த துணுக்குகளை, நோய்க்கூறு ஆராய்ச்சியில் அக்காலத்தில் இணையற்றவரான விர்ஷோ பரிசோதித்தார். அவற்றில் புற்றின் அடையாளம் அகப்படவில்லை. ரண சிகிச்சை கைவிடப்பட்டது. ஜூன் மாதம் இளவரசர் தம் மாமியாரான விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கு லண்டன் சென்றார். மெக்கன்ஸிக்கு ஸர் பட்டமும் கிடைத்தது.

நவம்பரில், இத்தாலியில் ஸான் ரெமோ நகரில் இளவரசர் தங்கியிருந்தபோது சந்தேகத்துக்கு இடமின்றிப் புற்று வெளிப்பட்டது. 1888 பிப்ரவரியில் மூச்சு முட்டியதால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அதற்குப் பின் அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் காகிதத் துண்டுகளில் எழுதிக் காட்டினார். மார்ச் 9-ந் தேதி தந்தை காலமாக, பேச முடியாத நிலையிலேயே சக்கரவர்த்தியானார். 99 நாள் ஆண்டு, ஜூன் 15-ந் தேதி உயிர் நீத்தார். பிரேத பரிசோதனையில் குரல்வளைப் புற்று உறுதியாயிற்று. ஜெர்மன் வைத்தியர்களும் மெக்கன்ஸியும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டி எழுதித் தீர்த்தார்கள். போன உயிர் திரும்பவில்லை.

ரண சிகிச்சை நடந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அக்காலத்தில் அது மிகவும் அபாயமானது. வியன்னாவில் பில்ராத் 1873-ன் கடைசி நாளில், புற்றுக்காக முதன்முதலாக ஒருவருடைய குரல்வளையை முழுவதும் அகற்றினார். அந்த நோயாளியும் நோய் திரும்பி, ஓராண்டு முடிவதற்குள் இறந்தார். ஆனால் இந்தச் சரித்திரத்தில் ஒரு பாடம் இருக்கிறது. துணுக்கில் புற்று இல்லை என்றால், அந்தத் துணுக்கில் இல்லை என்பதே பொருள். கண்ணுக்குச் சந்தேகம் இருக்கும்வரை, மறுபடியும் ஆழமாக எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

எல்லாக் கம்மலும் புற்றல்ல

இதைப் படித்துவிட்டு நேயர்கள் பயப்பட வேண்டியதில்லை. நெடுநாள் கம்மலுக்குக் காரணங்கள் பல. உபாத்தியாயர்கள், பாடகர்கள், கூவி விற்பவர்கள் ஆகியோருக்குக் குரல் மடிப்பில் காய்ப்புப் போன்ற முடிச்சுகள் உண்டாவதுண்டு; குரலைச் சரியாகப் பயன்படுத்தப் பழகினாலே பெரும்பாலும் குணமாகும். இரைப்பையிலிருந்து மேலே வரும் புளிப்பும் குரலைக் கெடுக்கும். இருமலுடன் கூடிய கம்மல் க்ஷயரோகமாகவும் இருக்கலாம். அதற்கு முற்றிலும் குணமாக்கும் மருந்து இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை: இடது குரல் மடிப்பை இயக்கும் நரம்பு நேரே குரல்வளைக்குச் செல்வதில்லை. மார்புக்குள் இறங்கி, இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மேலேறி வருகிறது. ஆகையால் நுரையீரலில் தோன்றும் கட்டிகூடக் கம்மலாகத் தலைகாட்டலாம். வெளியிலிருந்து கேட்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. பார்த்தால்தான் தெரியும்.

பார்ப்பது இப்போது எளிது. மெல்லிய, வளையும் குழாய் ஒன்றை மூக்கு வழியாகச் செலுத்தினால் சில நிமிஷங்களில் குரல்வளை முழுவதும் திரையில் தெரியும். மூக்கை மரத்துப்போகச் செய்யும் மருந்து போதும். மயக்க மருந்து வேண்டியதில்லை. விட்டுவிட்டு மின்னும் விளக்கின் உதவியால் மடிப்புகளின் அதிர்வை மெதுவாக நடப்பதுபோல் காணலாம். சந்தேகமான இடம் இருந்தால், நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, பூதக்கண்ணாடியின் துணையுடன் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

முன்னால் கண்டால்

குரல் மடிப்பிலே தோன்றும் புற்றுக்கு ஒரு தயவு உண்டு. கடுகளவாக இருக்கும்போதே குரலைக் கம்ம வைத்து எச்சரிக்கிறது. சுற்றிலும் பரவவும் நாளாகிறது. அந்த நிலையில் கண்டுபிடித்தால், வாய் வழியாக லேசர் கதிரால் அகற்றியோ, சில வாரங்கள் கதிர் சிகிச்சை அளித்தோ, ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேருக்கு அதை அடக்கிவிடலாம். குரலும் மிஞ்சும். மடிப்புக்கு மேலே தோன்றும் புற்று இப்படி எச்சரிப்பதில்லை. விழுங்கும்போது வலி, காரணமில்லாத காது வலி, கழுத்தில் கட்டி ஆகியவையே அதன் அடையாளங்கள்.

முற்றிய நோயிலும் வழி அடைபடவில்லை. அமெரிக்காவில் 332 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1991-ல் வெளியாயிற்று. குரல்வளையை அகற்றியவர்களும், முதலில் மருந்தும் பிறகு கதிர் சிகிச்சையும் பெற்றவர்களும் இரண்டாண்டு முடிவில் ஒரே அளவில், நூற்றுக்கு 68 பேர், உயிரோடிருந்தார்கள். பின்னவர்களில் நூற்றுக்கு 64 பேருக்குக் குரல்வளையும் தப்பியது. குருத்தெலும்பையே நோய் அரித்துவிட்டால் மட்டும், பெரும்பாலும் அகற்றுவதே நலம்.

அகற்றிய பின் கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு. ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடுவதில்லை. மூச்சுக் குழாய்க்கும் உணவுக் குழாய்க்கும் இடையே ஒரு சிறு வால்வைப் பொருத்தி மறுபடி பேச வைக்கும் முறையை ஸிங்கர், புளோம் என்ற இரு அமெரிக்கர்கள் 1980-ல் வெளியிட்டார்கள். அந்த வால்வு விலையுயர்ந்த சரக்காக இருந்ததைக் கண்டு, பெங்களூர் டாக்டர் விஷால் ராவ் 2010-களில் சுமார் ஐம்பது ரூபாய் விலையில் ஒன்றை உருவாக்கினார். ஏழைக்கும் குரல் வேண்டாமா?

இந்நோய்க்கு முதற்காரணம் புகையிலைப் புகை. பீடியானாலும் சிகரெட்டானாலும் பேதமில்லை. அதனுடன் மதுவும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகிறது. சிகிச்சைக்குப் பிறகும் புகைப்பவர்களுக்குச் சிகிச்சையின் பலன் குறைகிறது.

நம் குடும்பங்களில் புற்று என்ற சொல்லையே வாயில் எடுக்க அஞ்சுகிறார்கள். "ஏதாவது இருந்துவிட்டால்?" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். இருந்தால், தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் அதற்கே லாபம். இல்லையென்றால், ஒரு காலை நேரத்தில் மனக்கவலை ஒழிந்தது. சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டைப் பகுதி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-ல் சென்னை அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையமும் இருக்கிறது.

ஆகவே, வீட்டில் யாருக்கேனும் குரல் கம்மினால், அன்றைய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று வாரம் கழிந்தும் கம்மல் நீடித்தால், அவர் என்ன சமாதானம் சொன்னாலும் கேளாமல் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்.